நூற்றெண்பத்தெட்டு டன் சுண்டெலி

ஜூன் 5, திங்கள்

எதையும் எழுதி வைக்காதீர்கள் என்று வக்கீலம்மா காரில் வரும்போதே சொல்லிவிட்டார். எழுதியது எதிர்த்தரப்பின் கையில் சிக்கினால் அதிலிருந்தே கேள்வி கேட்டு மடக்குவார்களாம். அப்படியும் எழுதுகிறேன். எழுதும் நேரத்தில் மட்டும்தான் கை நடுங்காமல் இருக்கிறது.

நான் பூங்கோதை, வயது நாற்பத்தொன்று. என் பெயரை நானே எழுதிப் பார்த்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. போன மாதம் வேறு யாரோ அதை அச்சடித்திருந்தார்கள். காலையில் கடை திறக்கப் போனால் ஷட்டரில் என் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி போஸ்டர். தோற்றம் என்ற இடத்தில் என் பிறந்த தேதி சரியாக இருந்தது. மறைவு என்ற இடத்தில் ஜூன் என்று மட்டும் போட்டு, தேதிக்கு இடம் விட்டிருந்தார்கள்.

கரூர்ப் பக்கம் குவாரிகள் சூழ்ந்த ஒரு சிற்றூரில், தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினான்கு மாதத்துக்கு முன்பு என் கடைக்குள்ளேயே பெரியண்ணன் என்கிற பெரியவரை வெட்டிக் கொன்றார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குவாரி மேல் மனுப் போடுவதே அவருக்கு வேலை. வந்தவர்கள் மூன்று பேர். பார்த்தவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் கோர்ட்டில் கூண்டேறி, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள். ஏழாவது ஆள் நான். எனக்கு இருபத்தெட்டாம் தேதி.

அதுவரை இங்கே, திருச்சியில், மூன்றாம் மாடியில் ஒரு வீடு. வக்கீலம்மாவின் அக்கா மகள் பெனிட்டாவின் வீடு. நான் இங்கே இருப்பது எங்கள் மூவருக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் நல்லசிவத்திடம்கூடச் சொல்லக் கூடாது என்றார் வக்கீலம்மா. என் போனை வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு என்று அவர் எண் மட்டும் போட்ட சின்ன போன் ஒன்றைக் கொடுத்தார்.

ஜூன் 6, செவ்வாய்

கதவைத் திறக்கவில்லை. ஜன்னலையும்.

ஜூன் 8, வியாழன்

பெனிட்டாவுக்கு முப்பத்து நான்கு வயது. தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. தனியாக இருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் சாப்பிட இடமில்லை. பிள்ளைகள் விளையாடுமே, மேலே மொட்டு மொட்டாக வைத்த பிளாஸ்டிக் கட்டைகள், அவற்றால் மேசை நிறைய ஒரு பீரங்கி வண்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டு சாண் நீளம். இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன்காரர்கள் சோதனைக்காகச் செய்து பார்த்த டாங்கியாம். படங்களைப் பார்த்துக் கணக்குப் போட்டு, எந்த இடத்தில் எந்தக் கட்டை என்று கம்ப்யூட்டரில் அவளே வரைந்து வைத்திருக்கிறாள். இரண்டு வருட வேலை. செப்டம்பரில் பெங்களூரில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

நான் படுக்கும் அறையில் சுவர் ஓரமாகப் பதினாறு தட்டுகளில் கட்டைகள். எல்லாம் கலந்து கிடக்கின்றன.

"அக்கா, கதவையே பாத்துட்டு உக்காந்திருந்தா பைத்தியம் புடிச்சிரும். இதைப் பிரிச்சுத் தர்றீங்களா? நிறம் வேற, அளவு வேற."

அது எனக்கு வரும். கலைந்துபோன இருநூறு பக்கத்தைப் பார்த்தவுடன் அடுக்குகிறவள் நான். மாலைக்குள் ஐந்து தட்டு முடித்தேன். லிஃப்ட் சத்தம் கேட்கும்போதெல்லாம் எண்ணிக்கை விட்டுப்போய், திரும்ப ஒன்றிலிருந்து.

அந்த டாங்கிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். சுண்டெலி என்றாள். ஜெர்மன்காரர்கள் வைத்த பெயரே அதுதானாம். எடை நூற்றெண்பத்தெட்டு டன். அதைத் தாங்குகிற பாலம் அந்த நாட்டில் இல்லாததால், ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் தண்ணீருக்கு அடியிலேயே போகட்டும் என்று திட்டம் போட்டார்களாம். உள்ளே ஆறு பேர். சுவர் முழம் கனத்துக்கு இல்லாவிட்டாலும், ஒரு சாணுக்குக் குறையாத இரும்பு.

உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குப் பயமாக இருந்திருக்காது இல்லையா என்று கேட்டேன். பெனிட்டா கையிலிருந்த கட்டையைப் பொருத்திப் பார்த்தாள். வெளியே என்ன நடக்கிறதென்று தெரியாதே அக்கா என்றாள்.

ஜூன் 11, ஞாயிறு

பெனிட்டா காலைப் பூசைக்குப் போயிருக்கிறாள்.

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. என்னிடம் இரண்டு போன் இருந்தது. வக்கீலம்மாவிடம் கொடுத்தது ஒன்றுதான். மற்றது சாம்பல் நிறச் சரிவுக் கட்டைகள் இருக்கும் தட்டில், அடியில் கிடக்கிறது.

பதினேழு வருடம் ஒரு கூரையின் கீழ் இருந்த மனிதரிடம் சொல்லாமல் எப்படி இருப்பது? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்கு அவர், அவருக்கு நான். நல்லசிவம் சத்தம் போட்டுப் பேசுகிறவர் இல்லை. லாரி செட்டில் கணக்கு எழுதுகிறார். அந்த போஸ்டரைக் கிழித்துத் துடைத்தவரும் அவர்தான். துடைத்துக்கொண்டே, "விட்டுரலாம் கோதை, நமக்கெதுக்கு" என்றார். அவர் பயந்த சுபாவம். அது ஒரு குற்றமா?

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினேன். நான் இருக்கும் ஊரைச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றுதான் கேட்டார். கடைசியில், அங்கே வெயில் எப்படி என்றார். எல்லா ஊரிலும் அடிக்கிற வெயில்தான் என்றேன்.

ஜூன் 13, செவ்வாய்

வக்கீலம்மா வந்தார். அன்று நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார். நிறுத்தாமல் சொன்னேன். காலை பதினொன்று நாற்பது. கடையில் நான் மட்டும். பெரியண்ணன் மேசையோரம் நின்று ஆறு பக்க மனுவைப் பக்கம் பார்த்துப் பின் அடித்துக்கொண்டிருந்தார். ஒரு பைக்கில் இருவர், பின்னாலேயே வந்த காரில் ஒருவன். காரில் வந்தவன் என்னைப் பார்த்து, தள்ளி நில்லுங்கக்கா என்று மரியாதையாகச் சொன்னான். பிறகுதான் சட்டைக்குள்ளிருந்து அரிவாளை எடுத்தான்.

வக்கீலம்மா தலையசைத்தார். மேசை மேல் என்னென்ன இருந்தது என்று கேட்பார்கள் என்றார். பின் அடிக்கும் மிஷின், பேப்பர் கட்டு, இரண்டு டீ கிளாஸ் என்றேன்.

"ரெண்டா?"

ஒன்று பெரியண்ணனுக்கு, ஒன்று எனக்கு என்றேன்.

நான் டீ குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஆகாது. அன்று குடித்திருப்பேன்.

ஜூன் 15, வியாழன்

கட்டைகள் எல்லாம் பிரித்தாகிவிட்டது. இப்போது சங்கிலிப் பட்டை கோக்கிறேன். டாங்கியின் இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுற்றி ஓடுவது. நகக்கண் அளவுள்ள கண்ணிகளை ஒன்றோடொன்று அழுத்தினால் டக் என்று பிடித்துக்கொள்கிறது. பக்கத்துக்கு நூற்றுக்கு மேல். விரல் நுனி வீங்கிவிட்டது. அந்த வலி நன்றாக இருக்கிறது.

வீட்டுக்காரரிடம் பேசினேன். குழாயைத் திறக்க மறந்துவிட்டேன். என்ன சத்தம் அது, ரயிலா என்று கேட்டார். ஆமாம், பக்கத்தில்தான் தண்டவாளம் என்றேன். பிறகு கோவில் மணி கேட்கிறதா, இல்லை மாதா கோவிலா என்றார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றதற்கு, நீ எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறாய் என்று கண்ணை மூடி நினைத்துப் பார்க்கிறேன் என்றார். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு வருடத்தில் இப்படிப் பேசியதே இல்லை.

கோர்ட்டுக்குக் கட்ட நல்ல சேலை ஒன்றுகூட எடுத்து வரவில்லை என்று சொன்னேன். இருக்கிறதில் கட்டிக்கொள் என்றார்.

ஜூன் 16, வெள்ளி

எதிர் பிளாக்கில் யாரோ பட்டாசு வெடித்தார்கள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன். பெனிட்டா வந்து கூப்பிடும்வரை எழ முடியவில்லை.

ஜூன் 17, சனி

வண்டியின் உடம்பு முடிந்தது. இரண்டு பட்டைகளையும் மாட்டிவிட்டோம். மேசை மேல் தள்ளினால் கரகரவென்று ஓடுகிறது. அடியில் எடைக்காக ஈயத்துண்டுகள் வைத்திருக்கிறாள். ஐந்து கிலோ இருக்கும். இனி மேலே சுழலும் தலையும் பீரங்கிக் குழாயும்தான் பாக்கி.

எனக்கு இது யாரிடமாவது காட்ட வேண்டும் போல் இருந்தது. இத்தனை வருடம் ஊரார் பேப்பரை நகல் எடுத்தேனே தவிர, என் கையால் ஒன்றைச் செய்ததில்லை. பெனிட்டா வேலைக்குப் போனதும் அவருக்குச் சொன்னேன். அவர் சிரித்தார். டாங்கியா, அனுப்பு பார்க்கலாம் என்றார். முதல் படம் இருட்டாக விழுந்தது என்று திரும்பக் கேட்டார். ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சத்தில் வைத்து எடுத்தேன். அந்தப் பழைய போனிலும் எவ்வளவு தெளிவு! கட்டையின் மொட்டுகளை எண்ணலாம். பின்னால் எதிர் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் பெயின்டில் எழுதிய குடியிருப்பின் பெயர்கூட எழுத்து எழுத்தாக விழுந்திருந்தது.

நல்லா இருக்குது கோதை என்று பதில் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை.

ஜூன் 18, ஞாயிறு

இரண்டு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஜூன் 19, திங்கள்

காலையில் தலையைப் பூட்டிப் பார்த்தோம். சுற்றுகிறது. பெனிட்டா சந்தோஷத்தில் காபி போட மறந்துவிட்டாள்.

மதியம் திரை இடுக்கு வழியாகப் பார்த்தபோது, கீழே வேப்பமரத்தடியில் வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் ஒவ்வொரு மாடியாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். கையில் போன். போனைப் பார்ப்பான், மேலே பார்ப்பான். வீடு வாடகைக்குத் தேடுகிறவனாக இருக்கும். பெனிட்டாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வக்கீலம்மாவுக்குப் போகும். அவர் ஆயிரம் கேள்வி கேட்பார்.

ஜூன் 21, புதன்

மாலை ஆறு மணி. இப்போதுதான் பேனா பிடிக்க முடிகிறது.

பதினோரு மணிக்கு வாசல் மணி அடித்தது. பெனிட்டா வேலையில் இருந்தாள். நான் அசையவில்லை. மறுபடி அடித்தது. பிறகு ஒரு குரல், ரொம்ப மரியாதையாக.

"பூங்கோதையக்கா, நல்லசிவம் அண்ணன் அனுப்பி வந்திருக்கோமுங்க. கோர்ட்டுக்குக் கட்ட உங்ககிட்ட சேலை இல்லைன்னு குடுத்து உட்டிருக்காரு. தொறங்க. ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிடறோம்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். தள்ளி நில்லுங்கக்கா என்று சொன்ன அதே குரல். ஜாமீனில் வந்திருக்கிறான்.

பதில் இல்லாமல் போகவும் பேச்சு நின்றது. வெளியே கிரில் கேட்டின் பூட்டில் இரும்பு உரசும் சத்தம் கேட்டது. வக்கீலம்மா கொடுத்த போனை எடுத்தேன். விரல் பட்டன் மேல் நிற்கவில்லை, போன் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. கத்தலாம் என்று பால்கனிக்கு ஓடினேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. கனவில் கத்துகிற மாதிரி. கீழே பைக்குகளை நிறுத்தும் தகரக் கொட்டகை. ஒரு மனிதர் இல்லை. வெயில்.

என்ன நினைத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அறைக்குள் போய் ஒரு தட்டை எடுத்து வந்து தகரத்தின் மேல் கவிழ்த்தேன். ஆலங்கட்டி மழை மாதிரி விழுந்தது. அடுத்த தட்டு. அதற்கடுத்தது. சாம்பல், மஞ்சள், கறுப்பு என்று நாள் கணக்காய்ப் பிரித்து வைத்ததெல்லாம் போயிற்று. தட்டில் ஒளித்து வைத்த போனும் அதோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். எட்டாவது தட்டில் எதிர் பிளாக்கில் ஒரு ஜன்னல் திறந்தது. பத்தாவதில் இரண்டு பேர் கீழே வந்து, யாரும்மா அது, என்னம்மா பண்றே என்று திட்டினார்கள். கையால் கதவுப் பக்கம் காட்டினேன். அவர்களுக்குப் புரியவில்லை. வாசலில் பூட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. இனி மரக்கதவு ஒன்றுதான்.

தட்டுகள் தீர்ந்துவிட்டன. மேசைக்குப் போய் டாங்கியைத் தூக்கினேன். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஓடி, கைப்பிடிச் சுவருக்கு மேலாக விட்டுவிட்டேன்.

வெடி போட்ட மாதிரி இருந்தது. தகரம் பிளந்து ஒரு பைக் மேல் விழுந்து, பைக்கின் அலாரம் அலற ஆரம்பித்தது. நான்கு பிளாக்கிலிருந்தும் ஆட்கள் வந்துவிட்டார்கள். வாட்ச்மேன், பால்காரர், பெண்கள். திருடனா, எந்த வீடு என்று கேட்டுக்கொண்டே படி ஏறினார்கள்.

கதவுக்கு வெளியே சத்தம் நின்றது. பிறகு செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. ஓடவில்லை. ஏறி வந்தவர்களுக்கு வழி விட்டு நடந்தே போனார்களாம்.

ஜூன் 22, வியாழன்

வக்கீலம்மா நேற்றே புகார் கொடுத்து, கோர்ட்டிலும் மனுப் போட்டுவிட்டார். இரண்டு பெண் போலீஸ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வேறு இடம் வேண்டாம், இப்போது இந்தக் குடியிருப்பே உங்களைப் பார்த்துக்கொள்கிறது என்றார். இடம் எப்படித் தெரிந்தது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

குடியிருப்புக்காரர்கள் வாளியிலும் முறத்திலும் கட்டைகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். டாங்கி நான்கைந்து துண்டாகக் கிடந்தது. போன் மட்டும் கொட்டகைத் தகரத்தின் மேலேயே கிடந்ததாம். கண்ணாடி கீறல் விட்டிருக்கிறது, வேலை செய்கிறது. வாட்ச்மேன் என் கையில் தனியாகத்தான் கொடுத்தார்.

பெனிட்டா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு வருட வேலையை நொடியில் போட்டுவிட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவள் துண்டுகளை மேசையில் பரப்பிக்கொண்டே இருந்தாள்.

"நெசமான டாங்கி ரெண்டே ரெண்டுதான்க்கா செஞ்சாங்க. ஒரு சண்டைக்கும் போகலைன்னு சொல்றாங்க. இது போயிட்டு வந்துருச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுதாளோ என்னவோ.

சேலை விஷயத்தை யாராவது ஒட்டுக் கேட்டிருப்பார்கள். லாரி செட்டில் எப்போதும் நாலு பேர் இருப்பார்கள்.

ஜூன் 23, வெள்ளி

வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எடுத்தார்.

"நீங்கதான் சொன்னீங்களா?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார்.

"பேசத்தான் போறோம்னாங்க கோதை. சத்தியமா. மிரட்டி உட்டுட்டு வந்துருவோம், மேல கை வைக்க மாட்டோம்னாங்க. பெரியண்ணன் விசயத்துலயும் அப்படித்தான சொன்னாங்க, நான் எப்படி…"

அதோடு நிறுத்திக்கொண்டார். யார் முதலில் வைத்தது என்று நினைவில்லை.

ஜூன் 24, சனி

எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 26, திங்கள்

எழுதுகிறேன்.

அன்று கடையில் நான் மட்டும் இல்லை. வீட்டுக்காரரும் இருந்தார். வேலைக்குப் போகிற வழியில் வந்தவர், பெரியண்ணன் ஆறு பக்கத்தைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்தார். டீ சொன்னார். இரண்டு டீ வந்தது. ஒன்று பெரியண்ணனுக்கு, ஒன்று அவருக்கு. தன் டீயைத் தொடாமல், உள்ளே டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வெளியே போய் யாருடனோ போன் பேசினார். திரும்பி வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா என்று பெரியண்ணனிடம் கேட்டார். கால் மணி நேரம் என்றார் அவர். வீட்டுக்காரர் மறுபடியும் வெளியே போனார். அதன்பின் உள்ளே வரவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் அவர்கள் வந்தார்கள்.

அன்று மாலை, நான் அங்கே இருந்தேன் என்று போலீசில் சொல்லாதே, என்னையும் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்றார். நான் தலையாட்டினேன். பதினான்கு மாதமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். தெரியாமல் இல்லை. பார்க்காமல் இருந்தேன்.

போஸ்டரில் என் பிறந்த தேதி எப்படிச் சரியாக இருந்தது என்றும் இத்தனை நாள் யோசிக்கவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

வக்கீலம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். போனையும் கொடுத்தேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். நாளைக்குப் புதிதாக ஒன்றைச் சொன்னால், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டு உங்கள் சாட்சி முழுவதையுமே பொய் என்பார்கள் என்றார். சொல்லாமல் விட்டால்? உங்கள் கணவரை அவர்கள் கையில் வைத்திருக்கிறார்கள், எதற்கென்று நாளைக்குத் தெரியும் என்றார். முடிவை என்னிடமே விட்டுவிட்டார். விடாமல் இருந்திருக்கலாம்.

பெனிட்டாவும் நானும் மாலையெல்லாம் டாங்கியின் அடிப்பாகத்தைத் திரும்பக் கட்டினோம். அவள் கையை நீட்டினால் என்ன கட்டை வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது.



ஜூன் 28, புதன்

பெனிட்டாவின் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். போலீஸ் ஜீப்பில். கோர்ட் வராந்தாவில் குவாரி ஆட்கள் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில், பெஞ்சில், வீட்டுக்காரர். வெள்ளை வேட்டி, புதுச் சட்டை. என்னைப் பார்த்ததும் தரையைப் பார்த்தார்.

கூண்டில் ஏறியதும் மூன்று பேரையும் காட்டச் சொன்னார்கள். காட்டினேன். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். யார் யார் கடையில் இருந்தார்கள் என்று அவர் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை, அவர் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வயதானவர், அமைதியான குரல். எனக்கு அடிக்கடி காய்ச்சல் வருமா என்று கேட்டார். மற்றவர்களைப் போலத்தான் என்றேன்.

"சம்பவ தினத்தன்று நீங்கள் காய்ச்சலில் வீட்டில் படுத்திருந்தீர்கள். கடைக்கே வரவில்லை. உங்கள் கணவர் நல்லசிவம்தான் கடையில் இருந்தார். உள்ளே வந்தவர்கள் வேறு யாரோ என்று அவரே சொல்லத் தயாராக இருக்கிறார். இப்படிச் சொன்னால் சரிதானா?"

எதற்காக அவரைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"பாதி சரிங்க," என்றேன்.

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீல் உட்காரலாமா நிற்கலாமா என்பது போல் நின்றார். எந்தப் பாதி அம்மா என்று நீதிபதிதான் கேட்டார்.

"அவரு கடையில இருந்தாருங்கய்யா. நானும் இருந்தேன். அவரு வெளிய போயி போன் பேசினாரு. பேசிப் பத்து நிமிசத்துல இவங்க வந்தாங்க. போன்ல யாருகிட்டப் பேசினாருன்னு எனக்குத் தெரியாது. நீங்க பாத்தா தெரியும்."

அதன்பிறகு அரை மணி நேரம் என்னைக் குடைந்தார்கள். நீ பொய்க்காரி, கணவனோடு சண்டை, பழி வாங்குகிறாய். போலீசிடம் அன்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டார் வக்கீல். பயம் என்றேன். இப்போது மட்டும் பயம் போய்விட்டதா என்றார்.

"இல்லீங்க. இப்பவும் காலு நடுங்குது. வேணும்னா பாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. நீதிபதி அதையும் எழுதிக்கொண்டார்.

ஜூன் 29, வியாழன்

வீட்டுக்காரர் இன்று காலை மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுத்துவிட்டாராம். இரண்டு மணி நேரம் ஆயிற்றாம். என்ன சொன்னார் என்று வக்கீலம்மாவுக்கும் தெரியாது. அந்த போனில் பேசிய எண்ணைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறோம். அவரைக் கைது செய்து, குவாரி ஆட்கள் யாரும் இல்லாத வேறு ஊர்ச் சிறைக்கு அனுப்புகிறார்கள். தண்டனை யாருக்கு, எவ்வளவு என்பதெல்லாம் இன்னும் மாதக்கணக்கில் ஆகும். ஊருக்குப் போவதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. பெனிட்டா, இருந்துட்டுப் போங்கக்கா என்றாள்.

நேற்று முடிக்காமல் விட்டதை எழுதிவிடுகிறேன்.

கூண்டிலிருந்து இறங்கி வெளியே வந்தபோது மணி மூன்றரை. எனக்கு முன்னாலேயே செய்தி வராந்தாவுக்கு வந்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர் ஒருவர் வந்து அங்கிருந்தவர்களின் காதில் ஏதோ சொன்னார். வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். அந்தப் பக்கம் இருந்தவனும் எழுந்தான். ஒருவர் பின் ஒருவராகத் தள்ளிப் போய்த் தூண் ஓரமாக நின்றுகொண்டு, அவரையே பார்த்தார்கள். நீள பெஞ்சில் அவர் மட்டும். வாசலில் ஒரு கார் ஸ்டார்ட் ஆகிக் கதவு திறந்து நின்றது. இரண்டு பேர் வந்து, வாங்கண்ணே, வீட்டில் விட்டுவிடுகிறோம் என்று அவரைக் கூப்பிட்டார்கள். குரலில் அதே மரியாதை.

அவர் முகத்தைப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் கதவுக்குப் பின்னால் நின்றபோது என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

என்னோடு வந்த பெண் போலீஸ் இருவரும், ஜீப் தயார், வாங்கம்மா என்றார்கள். நான் போய்விட்டிருக்கலாம். யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் செய்ததற்கு அதுவே சரி என்று இப்போதுகூடத் தோன்றுகிறது.

போய் அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவருக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு. வேறு வழியில்லாமல் பெண் போலீஸ் இருவரும் வந்து பக்கத்தில் நின்றார்கள். காரிலிருந்து வந்தவர்கள் கொஞ்சம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கார் போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைத் தூக்காமலே கேட்டார்.

"நான் இனி எங்க போறது கோதை?"

நான் எழுந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதனால் எழவில்லை. அவருடைய முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. என்னுடையதும். பெஞ்ச் முழுவதும் அந்த ஆட்டம் தெரிந்தது. வக்கீலம்மா போன் மேல் போனாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

நாலு இருபதுக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். இந்த வழக்குக்குப் புதிதாக வந்தவர், எங்களைத் தெரியாது. என் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தவரைக் காட்டி, இவர் யாரம்மா, உங்கள் வீட்டுக்காரரா என்று கேட்டார்.

"சாட்சிங்க சார்," என்றேன்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.